முதலில் ஊர்தி, பிறகு பதிவு: கருவுற்ற ஆய்வாளரிடம் கணினி கேட்கும் சான்று

"கணினிக்குப் பாரபட்சம் கிடையாது" என்னும் வாக்கியம் நம் ஆய்வாளர் வட்டாரங்களில் ஒரு பழமொழியின் தகுதியை அடைந்துவிட்டது. உதவித்தொகை நின்றுபோன மாணவி முறையிடும்போது இதுவே ஆறுதலாகச் சொல்லப்படுகிறது. விடுப்பு விண்ணப்பம் காலங்கடந்தது என்று தள்ளப்பட்ட ஆய்வாளர் விளக்கம் கேட்கும்போது இதுவே தீர்ப்பாகவும் சொல்லப்படுகிறது. போர்ட்டல் எல்லோருக்கும் ஒன்றுதானே, காலக்கெடு எல்லோருக்கும் ஒன்றுதானே என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் தீயவர்கள் அல்லர். படித்தவர்கள், சமத்துவத்தில் உண்மையான பற்றுடையவர்கள். அதனால்தான் இதை வரிவரியாக மறுக்க வேண்டியிருக்கிறது.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவுற்ற பெண்ணின் உடல் ஒன்றைச் சொல்லி, நிறுவனத்தின் கணினி வேறொன்றைச் சொன்னால், நம் அமைப்புகள் கணினியை நம்புகின்றன. உடலிடம் சான்று கேட்கின்றன. மெய்ப்பிக்கும் சுமை முழுவதும் வாயும் வயிறுமாக இருப்பவளின் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. தான் சரியாக இயங்கியது என்று மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயம் கணினிக்கு எங்குமே இல்லை. இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று அழைப்பது தவறு. மனிதர்கள் கூடி எடுத்த முடிவு இது. மனிதர்கள் எடுத்த முடிவு என்பதால் மாற்றவும் கூடியது.

இரண்டு கடிகாரங்களிலிருந்து தொடங்குவோம்.

பிரீ எக்லாம்ப்சியா என்று மருத்துவர்களும், முன்சூல்வலிப்பு என்று கலைச்சொல்லாக்கக்காரர்களும், 'பிரஷர் ஏறிவிட்டது' என்று நம் வீடுகளிலும் சொல்லும் நிலையை அறிந்தவர்கள் அதன் கடிகாரத்தையும் அறிவார்கள். பொதுவாகக் கருவுற்ற 20ஆம் வாரத்துக்குப் பிறகு தோன்றுவது அது. இரத்த அழுத்தம் 140/90 அளவையோ அதற்கு மேலாகவோ தொட்டால், நான்கு மணி நேர இடைவெளியில் மீண்டும் அளந்து பார்க்கிறார்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று சோதிக்கிறார்கள். 160/110 என்றால் அது தீவிர நிலை. விடாத தலைவலி, கண்முன் மின்னும் புள்ளிகள், விலா எலும்புக்குக் கீழே வலி, முகத்திலும் கையிலும் திடீர் வீக்கம் ஆகியவை அதன் முன்னறிவிப்புகள். கவனிக்காவிட்டால் வலிப்பு வரும். ஈரல், சிறுநீரகம், மூளை எதுவும் தப்பாது. தாய்மார் இறப்புக்கு உலகெங்கும் சொல்லப்படும் முதன்மைக் காரணங்களில் பெரும் இரத்தப்போக்குக்கு அடுத்த இடத்தில் இந்த இரத்த அழுத்தக் கோளாறுகளையே வைக்கிறார்கள். ஆனால் இது கைவிடப்பட வேண்டிய நோயும் அன்று. மெக்னீசியம் சல்பேட் என்ற மலிவான மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது என்பதை, 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்து 2002இல் வெளிவந்த 'மேக்பை' ஆய்வு நிறுவியது. மருந்து இருக்கிறது, அளவுகோல் இருக்கிறது, மணிக்கணக்கில் நேரம் மட்டும் இருக்க வேண்டும்.

இரண்டாவது கடிகாரம் இணையவாசலுடையது. அதன் ஓடிபி பத்து நிமிடத்தில் இறக்கும். அதன் அமர்வு பதினைந்து நிமிடத்தில் முடியும். அதன் 'பராமரிப்புப் பணி' இரண்டு நாள் நீளும். அதன் குறைதீர்ப்புச் சீட்டுக்கு ஏழு வேலைநாள். தன் தாமதத்தை நாள்கணக்கிலும், நம் தாமதத்தை நொடிக்கணக்கிலும் அளக்கும் கடிகாரம் அது. அந்த இரண்டு கடிகாரங்களுக்கும் நடுவில் ஒரு பெண் நிற்கும்போது "காலக்கெடு எல்லோருக்கும் ஒன்று" என்று சொல்வது என்ன சமத்துவம்?

என் செய்தியையும் சொல்ல வேண்டும். வெறும் கொள்கையாக இதை எழுதவில்லை. நான் விஜயபுரத்துக்காரி. 29ஆம் வாரத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது அழுத்தமானி 150/100 காட்டியது. நான்கு மணி நேரம் உட்காரவைத்து மீண்டும் பார்த்தார்கள், இறங்கவில்லை. சிறுநீரில் புரதம். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். நகரி, புத்தூர் வழியாகத் திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மருத்துவத்தில் எனக்கு எந்தக் குறையும் நேரவில்லை. என் அழுத்தத்தை அளந்த செவிலியர் முதல் இரவுப் பணியில் இருந்த மருத்துவர் வரை எல்லோரும் உடலைப் பார்த்துப் பேசினார்கள். கணினியைப் பார்த்துப் பேசியவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள்.

நான் ஆய்வுசெய்யும் கல்வி நிறுவனத்தில் விடுப்பு விண்ணப்பம் இணையவழியில் மட்டுமே ஏற்கப்படும். வார்டுக்குள் கைப்பேசி கூடாது. அது என் தாயாரிடம் வெளியே இருந்தது. அவருக்கு வந்த ஓடிபியை அவர் ஒரு தாளில் எழுதி உள்ளே அனுப்புவதற்குள் அது காலாவதியாகியிருந்தது. சனிக்கிழமை என் மடிக்கணினி கைக்கு வந்தது. திறந்தவுடன் புதுப்பித்தல் தொடங்கி, முப்பது விழுக்காட்டில் நின்று, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. ஒருவழியாக உள்ளே நுழைந்தபோது, விடுப்பு தொடங்கும் நாளாகச் செவ்வாய்க்கிழமையைக் குறிக்க முடியவில்லை. இன்றைய நாளுக்கு முந்தைய தேதியைப் படிவம் ஏற்காதாம். விடுப்பின் வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் மகப்பேறு விடுப்பு இருந்தது. எதிர்பார்க்கும் பிரசவ நாளுக்கு எட்டு வாரத்துக்கு முன்னால் அதைத் தொடங்க முடியாது என்று அது தானாகவே மறுத்தது. 'பிற' என்றொரு வகையும் இருந்தது. அதில் விண்ணப்பித்தேன். 'பிற' வகை விண்ணப்பங்கள் யாருடைய திரைக்கும் ஒப்புதலுக்குச் செல்வதில்லை என்பது ஐந்து வாரம் கழித்துத் தெரிந்தது. மாதந்தோறும் நிறுவனம் உறுதிசெய்து அனுப்பினால்தான் உதவித்தொகை வரும். என் வருகை உறுதிசெய்யப்படவில்லை. உதவித்தொகை நின்றது. நான் அனுப்பிய குறைதீர்ப்புச் சீட்டு ஏழாம் நாள் 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்புடன் தானாக மூடிக்கொண்டது.

34ஆம் வாரத்தில் அறுவைச் சிகிச்சை. தாயும் குழந்தையும் நலம். அந்த நான்கு நாள்களும் நிறுவனத்தின் பதிவேட்டில் இன்றுவரை 'அனுமதியின்றி வராமை'. கையில் ஊசியுடன் படுத்திருந்த நாள்களுக்கு மருத்துவமனையின் சான்று இருக்கிறது. ஆனால் சான்றைப் பதிவேற்றும் இடத்தில் கோப்பின் அளவு 500 கேபிக்கு மேற்படக் கூடாது.

"இதெல்லாம் சின்னச் சின்னக் கணினித் தொல்லைகள்; எல்லோருக்கும் உள்ளவை" என்று ஒரு நண்பர் சொன்னார். ஆம், ஒவ்வொன்றும் சின்னதுதான். ஆனால் சின்னத் தொல்லை என்பது உண்மையில் என்ன? முன்பு அலுவலக எழுத்தர் செய்த வேலையில் ஒரு துண்டு. படிவத்தைச் சரிபார்ப்பது, தேதியைத் திருத்துவது, தாளை வெட்டி ஒட்டுவது, வேறு மேசைக்கு எடுத்துச் செல்வது ஆகிய அத்தனை வேலையும் கணினிமயமாக்கல் என்ற பெயரில் விண்ணப்பதாரரின் மடிக்கு மாற்றப்பட்டிருக்கிறது. அதற்குரிய ஊதியம் மட்டும் மாற்றப்படவில்லை. நலமாக இருக்கும் இருபத்தைந்து வயது ஆண் ஆய்வாளர் அந்த வேலையை ஓர் இரவு விழித்து முடித்துவிடுவார். விழிக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதிக்கொடுத்தவளுக்கு அந்த இரவு இல்லை. பாரபட்சம் நிரலில் எழுதப்பட வேண்டியதில்லை. யாருக்கு எத்தனை இரவுகள் மிச்சம் இருக்கின்றன என்பதிலேயே அது எழுதப்பட்டுவிடுகிறது.

எல்லையோர மக்களுக்கு இதில் இன்னொரு சுற்று உண்டு. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. நாங்கள் ஆந்திரத்தில் நின்றோம். 2022 ஏப்ரலில் பழைய சித்தூர் மாவட்டம் பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானபோது புத்தூர் அந்தப் பக்கம் போயிற்று. விஜயபுரம் சித்தூரில் நின்றது. மருத்துவத்துக்கு ஒரு மாவட்டம், கையொப்பத்துக்கு வேறு மாவட்டம். பேறுகாலத்துக்குத் தாய்வீடு செல்வது நம் வழக்கம். தாய்வீடு திருத்தணிப் பக்கம் இருந்தால் மாநிலமே மாறிவிடும். இங்கே பதிவான கர்ப்பிணியின் எண் அங்கே வேறு; தமிழ்நாட்டில் பிக்மி எண் இல்லாமல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாயும் நகராது. பெயரோ இன்னும் பெரிய சிக்கல். தமிழர் தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே வைப்பர். தெலுங்கர் குடும்பப் பெயரை முழுதாக எழுதுவர். நம் ழகரத்தை ஒரு எழுத்தர் 'இசட் ஹெச்' என்று ஆங்கிலத்தில் பெயர்ப்பார். இன்னொருவர் 'எல்' என்று பெயர்ப்பார். ஆதாரில் ஒரு பெயர், வங்கியில் ஒரு பெயர், மருத்துவச் சான்றில் ஒரு பெயர். மூன்றும் ஒருத்தியே என்பதை ஊரில் உள்ள எவரும் சொல்வார். திரை மட்டும் 'பொருந்தவில்லை' என்று சொல்லும்.

தமிழில் ஆய்வேடு எழுதுவோர் இந்தப் பொருத்தமின்மையை வேறொரு வடிவிலும் அறிவர். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த இயல்கள் ஒருங்குறிக்கு மாறும்போது ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறும். தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும் தேஸ்16 குறியீட்டையும் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010இல். ஆயினும் பழைய எழுத்துருவில் அமைந்த படிவங்களை இன்றும் நமக்கு அனுப்புகிறார்கள். சிதறிய எழுத்தைச் சேர்ப்பது யார் வேலை? அதுவும் ஆய்வாளரின் இரவுதான்.

நான் பேசுவது உதவித்தொகை பெறும் ஒரு சிறு கூட்டத்தைப் பற்றி மட்டும் என்று எவரும் எண்ண வேண்டாம். எங்கள் இழப்பு பணமும் மாதங்களும். வேறு பெண்கள் இழந்தது உயிர். 2018 பிப்ரவரியில் குருகிராம் அரசு மருத்துவமனையில் ஆதார் அட்டை கையில் இல்லை என்று திருப்பப்பட்ட பெண் அவசரப் பிரிவின் வாயிலிலேயே பிள்ளை பெற்றார். ஆதார் இல்லை என்பதற்காக மருத்துவம் போன்ற இன்றியமையாச் சேவையை மறுக்கக் கூடாது என்று ஆதார் ஆணையமே உடனடியாக அறிக்கை விட்டது. அறிக்கை விட்டு நான்கு ஆண்டு கழிந்தபின், 2022 நவம்பர் தொடக்கத்தில், கர்நாடகத்தின் துமகூரு மாவட்ட மருத்துவமனைக்குத் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு பெண் பிரசவ வலியோடு சென்றார். ஆதாரும் 'தாயி' அட்டையும் இல்லை என்று அவரை அனுமதிக்க மறுத்ததாக அக்கம்பக்கத்தார் குற்றஞ்சாட்டினர். வீடு திரும்பிய அவர் இரத்தப்போக்கில் இறந்தார். இரட்டைக் குழந்தைகளும் இறந்தன. பணியில் இருந்த மருத்துவரும் செவிலியரும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். சட்டத்தில் அட்டை கட்டாயம் இல்லை, வாசலில் கட்டாயம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கவில்லை என்பது இதைத்தான். இன்று பூசாரியின் இடத்தில் ஒரு திரை இருக்கிறது, பூசாரியிடமாவது கெஞ்சலாம்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013இல் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்ற உரிமையைத் தந்தது. 2017இல் வந்த பிரதமர் மாத்ரு வந்தனா திட்டம் அதை முதல் குழந்தைக்கு 5,000 என்று சுருக்கியது. பிறகு தவணை, ஆதார், வங்கி இணைப்பு, மென்பொருள் என்று வேலிகளை எழுப்பியது. ஜான் த்ரேஸ், ரீத்திகா கேரா போன்ற பொருளியலாளர்கள் இந்த வேலிகளில் சிக்கி உரிமை இழப்போரைப் பற்றி ஆண்டுக்கணக்காக எழுதி வருகிறார்கள். அதே 2017இல் முறைசார்ந்த துறைப் பெண்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்ந்தது. சம்பளப் பட்டியலில் இருப்பவளுக்கு ஆறு மாதச் சம்பளம். களையெடுப்பவளுக்கு 5,000 ரூபாய், அதுவும் சர்வர் மனம் வைத்தால். இணையவாசலின் மறுபக்கத்தில் இருப்பவர்களும் இதில் வதைபடுகிறார்கள். 2021இல் மகாராஷ்டிரத்தின் அங்கன்வாடி ஊழியர்கள், அரசு கொடுத்த பழுதான கைப்பேசிகளைத் திருப்பி ஒப்படைத்துப் போராடியதை நினைவுகூர்க. கர்ப்பிணியின் எடையைப் பார்க்க வேண்டிய பெண், செயலியின் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணினியை நம்பி மனிதரை ஐயுறும் மனப்பான்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகறிந்த சான்று பிரிட்டனில் இருக்கிறது. அந்நாட்டு அஞ்சல் துறையின் 'ஹொரைசன்' கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. அதை நம்பி, கிளை அஞ்சலகம் நடத்திய நூற்றுக்கணக்கானோர் திருடர்கள் என்று தண்டிக்கப்பட்டனர். அவர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த சீமா மிஸ்ரா. 2010 நவம்பரில், எட்டு வாரக் கர்ப்பிணியாக, அவர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் தண்டனை ரத்தானது 2021 ஏப்ரலில். பிழை மென்பொருளுக்குள் இருந்தது. ஆனால் கணினி சரியாக இயங்கியது என்றே கருத வேண்டும் என்னும் அனுமானம் 1999க்குப் பின் இங்கிலாந்தின் சட்டத்தில் நிலவியது. தவறு கணினியுடையது என்பதைக் காட்டும் பொறுப்பு, மென்பொருளின் உட்பகுதியைப் பார்க்கவே முடியாத அந்தப் பெண்ணிடம் விடப்பட்டது. நம் பல்கலைக்கழக அலுவலகங்களில் எந்தச் சட்டமும் இயற்றாமலேயே நாம் அதே அனுமானத்தில் வாழ்கிறோம். "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்று எழுத்தர் சொன்னதும் துறைத்தலைவர் வாய் அடைத்துப்போகிறாரே, அந்தக் கணத்தில் நடப்பது அதுதான்.

எதிர்வாதங்களைத் தவிர்த்துவிட்டுப் போக விரும்பவில்லை.

முதலாவது: இணையவழி வந்ததால்தான் இலஞ்சமும் இடைத்தரகும் ஒழிந்தன என்பார்கள். ஒரு பகுதி உண்மை. முன்பு உதவித்தொகைக் கோப்பு நகர யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது என்று மூத்த ஆய்வாளர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் இடைத்தரகு ஒழிந்ததா, இடம் மாறியதா? படிவத்தை நிரப்பித் தர நெட் சென்டரில் நாம் கொடுக்கும் பணத்துக்கு என்ன பெயர்? இலஞ்சத்தை ஒழிக்கக் கணக்கு வெளிப்படையாக இருந்தால் போதும். முறையீட்டுக் கதவை அடைக்க வேண்டிய தேவை இல்லை.

இரண்டாவது: ஒருவருக்கு விலக்கு அளித்தால் எல்லோரும் பொய்ச்சான்றோடு வருவார்கள் என்பது. வரட்டும், சரிபார்க்கட்டும். பொய் சொல்லும் ஒருத்தியைப் பின்னர் கண்டுபிடித்துப் பணத்தை மீட்கலாம். மறுக்கப்பட்ட உண்மையான ஒருத்தியின் ஏழு மாதக் கருவை எந்தக் கணக்காயர் மீட்பார்? இரண்டு பிழைகளும் ஒரே எடையுடையவை அல்ல. புள்ளியியல் முதல் பாடத்தில் நாமே மாணவர்களுக்கு இரண்டு வகைப் பிழைகளைப் பற்றிச் சொல்லித்தருகிறோம். நம் அலுவலகத்தில் அதை மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, மிகவும் நாகரிகமானது: ஆய்வாளர் என்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டாமா, நகல் எடுத்து வைக்க வேண்டாமா? கோப்புகளுக்கு நகல் எடுக்கலாம். உடலுக்கு எங்கே எடுப்பது? திங்கள்கிழமை இயல்பாக இருந்த அழுத்தம் செவ்வாய்க்கிழமை ஏறுவதைத் திட்டமிட எந்த நாட்காட்டியும் உதவாது. முன்கூட்டி அறிவிக்க முடியாததற்குத்தான் அவசரம் என்று பெயர். முன்தேதியை ஏற்காத படிவத்தை வடிவமைத்தவர், அவசரம் என்ற சொல்லையே அகராதியிலிருந்து நீக்கியிருக்கிறார்.

இவ்வளவு சொல்வதால் என்னைக் கணினி எதிர்ப்பாளர் என்று கருத வேண்டாம். கணினியால் இயங்கி, கருவுற்ற பெண்களைக் காத்துவரும் ஓர் அமைப்பு ஆந்திரத்திலிருந்தே நாட்டுக்குக் கிடைத்தது. 2005 ஆகஸ்ட் 15 அன்று ஹைதராபாத்தில் தொடங்கிய 108 அவசர ஊர்திச் சேவை அது. அழைப்பை ஏற்பதும், அருகில் உள்ள ஊர்தியைத் தேடுவதும், வழி காட்டுவதும் அங்கே கணினிதான். ஆனால் அங்கே கேட்கப்படும் கேள்வி: எங்கே இருக்கிறீர்கள், என்ன ஆயிற்று? ஆதார் எண் என்ன, எந்த மாவட்டம், பெயரில் ழகரமா ளகரமா என்று கேட்டுவிட்டு வண்டியை அனுப்புவதில்லை. முதலில் ஊர்தி, பிறகு பதிவு. அழைத்தவரின் சொல்லை நம்பித் தொடங்குவதும், சரிபார்ப்பைப் பின்னுக்கு வைப்பதும் நிரலாளரின் திறமையைச் சார்ந்தவை அல்ல; அது ஓர் அறநிலை. அந்த அறநிலையில் அமைந்த கணினி ஓடுகிறது. நம் விடுப்புப் போர்ட்டலும் அப்படி ஓடலாம்.

சட்டமும் இந்த வரிசையையே சொல்கிறது. 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் சிகிச்சை முதலில், சட்டச் சடங்குகள் பிறகு என்று அறுதியிட்டது. 2010இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ். முரளிதர், கருவுற்ற பெண்ணுக்கு அட்டையைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது உயிர்வாழும் உரிமையையே மறுப்பதாகும் என்ற அடிப்படையில் தீர்ப்பளித்தார். ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவே, எண் இல்லாதவருக்கு மாற்று அடையாள வழி தர வேண்டும் என்கிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016, 2022 விதிமுறைகள் பெண் ஆய்வாளருக்கு ஆய்வுக்காலத்தில் ஒருமுறை 240 நாள்வரை மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு வழங்க இடம் தருகின்றன. விதி இருக்கிறது, விதியைத் திறக்கும் பொத்தான் இல்லை. 240 நாள் என்ற எண்ணை நம் கையேடுகளில் அச்சிட்டுவிட்டு, 29ஆம் வாரத்தில் படுக்கையில் விழுந்தவளுக்கு ஒரு வகைப்பாடு வைக்க மறந்ததை வெறும் மறதி என்று நான் ஏற்கத் தயாரில்லை. படிவத்தை வடிவமைத்த குழுவில் கருவுற்ற அனுபவம் உடைய ஒருவரேனும் இருந்தாரா என்று கேட்கிறேன்.

ஆகவே, ஆய்வாளர் மன்றங்களும் ஆசிரியர் சங்கங்களும் தங்கள் தங்கள் நிறுவனங்களிடம் எழுப்ப வேண்டிய கோரிக்கைகளை இங்கே வைக்கிறேன்.

1. கருவுற்றோர் தொடர்பான எந்த விண்ணப்பத்துக்கும் தாள்வழி மாற்று இருக்க வேண்டும். கையெழுத்திட்ட கடிதத்தை உறவினரோ தோழியோ நேரில் கொடுத்தால் அலுவலகம் பெற்று, அன்றே நாள்முத்திரை இட்டுத் தர வேண்டும்.

2. இணையவாசல் இயங்காத நேரங்களை நிறுவனமே பதிவுசெய்து வெளியிட வேண்டும். அந்நேரங்கள் காலக்கெடுவிலிருந்து கழிக்கப்பட வேண்டும். கணினி இயங்கியதா என்பதை மெய்ப்பிக்கும் பொறுப்பு கணினியை வைத்திருப்பவருக்கே உரியது.

3. மருத்துவ அவசரத்தில் முன்தேதியிட்ட விடுப்பு ஏற்கப்பட வேண்டும். மருத்துவமனையில் சேர்ந்த நாளே விடுப்பின் முதல் நாள்.

4. விடுப்பு முடிவாகும்வரை உதவித்தொகையை நிறுத்தக் கூடாது. ஐயம் இருந்தால் பின்னர் சரிசெய்துகொள்ளட்டும்.

5. பெயர் வேறுபாட்டுக்குத் துறைத்தலைவரின் ஒரு வரிச் சான்று போதுமானதாக வேண்டும். எல்லை மாவட்டங்களில் இது சலுகையாகாது, அன்றாடத் தேவை.

6. குறைதீர்ப்புச் சீட்டை மனிதர் ஒருவர் தம் பெயரிட்டு மூட வேண்டும். தானாக மூடிக்கொள்ளும் சீட்டு பதிலாகாது.

இவற்றில் எதற்கும் புதிய மென்பொருள் வேண்டாம். பெரிய செலவும் வேண்டாம். ஒரு சுற்றறிக்கை போதும். செலவில்லாத ஒன்றைச் செய்ய மறுக்கிறவர்களிடம் காரணம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இதைப் படிக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் துறையில் ஒரு மாணவி "போர்ட்டலில் ஏற்கவில்லை" என்று வந்து நின்றால், அவளைத் திரும்பவும் போர்ட்டலுக்கு அனுப்பாதீர்கள். ஒரு நாற்காலி கொடுத்து உட்காரச் சொல்லுங்கள். அவள் கடிதத்தை வாங்கி, நாளிட்டு, கையொப்பமிட்டு, நீங்களே அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். எழுத்தர் "சிஸ்டத்தில் காட்டவில்லை" என்றால், "சிஸ்டத்தின் தவறை நீங்கள் எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். மாணவர்களுக்கு ஒன்று: உங்கள் நிறுவனத்தின் விடுப்புப் படிவத்தில் என்னென்ன வகைகள் உள்ளன, அவை யார் யாருடைய ஒப்புதலுக்குச் செல்கின்றன என்பதை இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். பத்து நிறுவனங்களின் படிவங்களை அருகருகே வைத்தால், கணினிக்குப் பாரபட்சம் உண்டா இல்லையா என்பதை நான் வாதிட வேண்டியிருக்காது.